சால்வர் பார்க்காத எட்டு மணி நேரம்

மாமா தோப்பின் போர், தொட்டி, மோட்டார் மூன்றையும் சேர்த்து, ஒரு நாள் எப்படி ஓடும் என்று கணினியில் எழுதிப் பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. முதல் ஓட்டம் 29.64 நிமிடத்தில் நிற்கும் என்றது கணக்கு. ஸ்டார்ட்டர் பெட்டி முன்னால் நின்று செல்போனில் நேரம் பார்த்தேன். 31 நிமிடத்தில் ரிலே (போரில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வெட்டியது. டிரம்மும் டேப்பும் வைத்து எடுத்த அளவுகளுக்கு இந்த நெருக்கம் போதும். இந்த வேலையில் சமன்பாடுகள் எளிமையானவை. நேரம் தின்றதெல்லாம் மோட்டார் நிற்கும் கணம், வால்வு திறக்கும் கணம், தொட்டி நிறையும் கணம் ஆகியவைதான். அவற்றில் எதைச் சால்வரிடம் (சமன்பாட்டை நேரத்தில் துண்டு துண்டாக முன்னேறித் தீர்க்கும் நிரலிடம்) விடலாம், எதை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தோப்பு கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். சித்தூர்ப்புழைப் பாசனம் அதை நம்பித்தான் நடக்கிறது. மாமாவின் நிலம் மேட்டில் இருப்பதால் வாய்க்கால் தண்ணீர் ஏறாது, போர்தான் கதி. மாசி பிறந்தால் போரும் தாங்காது. அரை மணி நேரம் ஓடினால் தண்ணீர் பம்புக்குக் கீழே போய்விடும், டிரை ரன் ரிலே வெட்டும், 5 நிமிடம் கழித்துத் தானே மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

"மாப்ள, மணிக்கு நாலு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குது. காயில் எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று மாமா கேட்டதுதான் ஆரம்பம். ஓய்வு நேரத்தைக் கூட்டினால் ஸ்டார்ட் குறையும், கூடவே தண்ணீரும் குறையும். எவ்வளவு கூட்டலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் அளவுகள். மோட்டார் தள்ளும் தண்ணீரில் 200 லிட்டர் டிரம் இரண்டரை நிமிடத்தில் நிறைந்தது, அதாவது நிமிடத்துக்கு 80 லிட்டர். தொட்டி 3 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி, ஆகவே ஒரு மீட்டர் உயரத்துக்கு 7,069 லிட்டர். வெளியே போகும் வாய் 25 மி.மீ. தண்ணீர் அதற்கு மேல் 1.5 மீட்டர் நிற்கும்போது வால்வை முழுக்கத் திறந்தால் அதே டிரம் 2 நிமிடம் 5 நொடியில் நிறைந்தது. நீர் உயரத்திலிருந்து வெளியேறும் வேகத்தைத் தரும் டாரிசெல்லி விதியில் போட்டால் வாயின் குணகம் (விதிப்படி வர வேண்டியதில் நிஜமாக வரும் பங்கு) 0.6 என்று வருகிறது.

போரை அளப்பதுதான் சிரமம். 120 மீட்டர் இரட்டை ஒயரின் நுனியை ஒரு அங்குலம் சீவி, சின்ன இரும்புத் துண்டைக் கட்டி, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இறக்கினேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் முள் துள்ளும். மோட்டார் ஓடும்போது இதைச் செய்தால் ஒயர் பைப்போடு சுற்றிக்கொள்ளும். அதனால் மோட்டார் நின்ற பிறகு மட்டம் ஏறுவதை ஐந்து ஐந்து நிமிடமாகக் குறித்தேன். இறங்கியிருந்த ஆழம் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தது. குழி 165 மி.மீ., மீட்டருக்கு 21.4 லிட்டர் கொள்ளும். இரண்டையும் சேர்த்தால், ஒரு மீட்டர் இறக்கத்துக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் ஊறுகிறது என்று கிடைக்கிறது. நிலை மட்டத்திலிருந்து 60 மீட்டர் இறங்கினால் ரிலே வெட்டும்.

ஆக மாறிகள் இரண்டே: தொட்டி மட்டமும் போரின் இறக்கமும். இரண்டுக்கும் ஆளுக்கொரு முதல்படிச் சமன்பாடு. இறக்கத்துக்குக் காகிதத்திலேயே விடை எழுதலாம்: குழியின் மீட்டர் கொள்ளளவை ஊற்றால் வகுத்தால் 21.38 நிமிடம்; அதை நான்கின் (80ஐ 80−60ஆல் வகுத்தது) இயல் மடக்கையால் பெருக்கினால், 60 மீட்டர் இறங்க 29.64 நிமிடம். தொட்டி 1.5 மீட்டரிலிருந்து 2 செ.மீ. வரை வடிய 195.7 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் நோட்டில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். இப்படி ஒரு கைவிடை பக்கத்தில் இல்லாமல் எந்தச் சால்வரையும் நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எக்செல்லில் ஆய்லர் முறையில் தொடங்கினேன். நேரத்தைச் சிறு துண்டுகளாக (ஸ்டெப்) வெட்டி, துண்டின் தொடக்க வேகமே அது முழுவதும் நீடிப்பதாகக் கொள்ளும் முறை அது. 1 நிமிட ஸ்டெப்பில் மோட்டார் 29ஆவது நிமிடத்தில் நின்றது. 5 நிமிட ஸ்டெப்பில் 30ஆவது நிமிடத்தில். சரியான விடை 29.64 என்பதால் பெரிய ஸ்டெப்தான் பக்கத்தில் வந்ததுபோல் தெரியும். உண்மையில் அங்கே இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுக்கின்றன. ஆய்லர் முறை இறக்கத்தை வேகமாக்கி நேரத்தை முன்னால் இழுக்கிறது. ஸ்டெப் முடிந்த பிறகுதான் 60ஐத் தாண்டியதா என்று பார்ப்பதால் நேரம் பின்னால் தள்ளப்படுகிறது. 5 நிமிடத்தில் இரண்டும் தற்செயலாகக் கழிந்துபோயின. ஸ்டெப்பைக் குறைக்கும்போது விடை நெருங்குவதற்குப் பதில் அங்குமிங்கும் ஆடினால், நிகழ்வு நேரம் ஸ்டெப்போடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்று பொருள். அங்கே எக்செல்லை மூடிவிட்டுப் பைத்தானுக்குப் போனேன்.

பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகமான சைபையில் இருக்கும் சால்வ்_ஐவிபி என்ற சால்வர்தான் எல்லோரும் முதலில் எடுப்பது. சும்மா விட்டால் அது ஆர்கே45 முறையைப் பிடித்துக்கொள்ளும். 1980இல் டோர்மண்டும் பிரின்ஸும் வெளியிட்ட ஜோடி அது. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பிழையை மதிப்பிட்டு, பிழை கூடினால் ஸ்டெப்பைச் சுருக்கும், குறைந்தால் நீட்டும். நீட்டுவது ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 மடங்கு, சுருக்குவது ஐந்தில் ஒரு பங்கு வரை.

வால்வை அடைத்து வைத்து, மோட்டாரை மட்டும் காலை 8 மணிக்கு டைமர் போட்டுப் பிற்பகல் 2 மணிக்கு நிறுத்துவதாக எழுதினேன். நேரம் நள்ளிரவிலிருந்து, நிமிடக் கணக்கில். ஓட்டியதும், முடிவு வரை வெற்றிகரமாக வந்துவிட்டேன் என்று சால்வர் செய்தி சொன்னது. தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. நாள் முழுவதும் மட்டம் 2 செ.மீ.யிலேயே நின்றது.

என்ன நடந்தது என்று ஸ்டெப்களை அச்சடித்துப் பார்த்தேன். நள்ளிரவில் எதுவும் அசையவில்லை, வகைக்கெழு (மட்டங்கள் மாறும் வேகம்) சுத்தமாகப் பூஜ்யம். அப்படியிருந்தால் சால்வர் பயந்து பயந்து ஒரு நிமிடத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் தொடங்கும். பிழை பூஜ்யம் என்பதால் அடுத்தது 10 மடங்கு, அதற்கடுத்தது இன்னும் 10 மடங்கு. 0.1, 1, 10, 100 நிமிடம் என்று போய், 111.1ஆவது நிமிடத்தில் நிற்கும்போது அடுத்த ஸ்டெப் 1,000 நிமிடம். அந்த ஒரே தாவலில் 1,111ஆவது நிமிடம், அதாவது மாலை ஆறரைக்கு வந்துவிட்டது. பாக்கியிருந்ததை இன்னொரு தாவலில் முடித்தது. ஒரு நாளுக்கு மொத்தம் 11 ஸ்டெப்.

அந்த 1,000 நிமிடத் தாவலுக்குள்ளே சால்வர் எங்கெங்கே எட்டிப் பார்க்கிறது என்பதையும் பார்க்கலாம். இந்த முறை ஸ்டெப்பின் 1/5, 3/10, 4/5, 8/9 ஆகிய இடங்களிலும் கடைசியிலும்தான் வகைக்கெழுவைத் தரும் ஃபங்ஷனைக் கேட்கும். கடிகாரத்தில் அவை காலை 5:11, 6:51, பிற்பகல் 3:11, 4:40, 6:31. காலை 6:51க்கும் பிற்பகல் 3:11க்கும் நடுவில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மோட்டார் ஓடியது முழுக்க அந்த இடைவெளியில். பிழை மதிப்பீடும் இதே புள்ளிகளை வைத்துத்தான் போடப்படுகிறது, அதனால் அதற்கும் எதுவும் தெரிய வழியில்லை.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு. மாலை 4 மணிக்கு வால்வு திறப்பதையும் சேர்த்து எழுதினால் 4:40 புள்ளியில் வகைக்கெழு பூஜ்யமாக இருக்காது. பிழை எகிறும், அந்த ஸ்டெப் தள்ளுபடியாகும், சால்வர் சுருங்கிப் பின்னால் வந்து காலை மோட்டாரையும் கண்டுபிடித்துவிடும். விடை சரியாக வரும். வேறொரு நாள் அட்டவணையை மாற்றும்போது சத்தமில்லாமல் தப்பாகும்.

உடனே கிடைக்கும் மருந்து மேக்ஸ்_ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்பின் உச்ச நீளம். சால்வ்_ஐவிபியில் இதற்கு வரம்பே வைத்திருக்கவில்லை. நாம்தான் கொடுக்க வேண்டும். 10 நிமிடம் என்று கொடுத்ததும் மோட்டார் தெரிந்தது. ஆனால் நடுவில் அரை ஸ்டெப் அளவு குருட்டு இடைவெளி எப்போதும் இருக்கிறது என்பதால், 5 நிமிடத்துக்குக் குறைந்த எதுவும் அதிலும் நழுவலாம். 1 நிமிடம் என்று இறுக்கினால் நாளுக்கு 1,440 ஸ்டெப், எட்டாயிரத்துச் சொச்சம் ஃபங்ஷன் அழைப்பு. ஒரு நாளுக்கு இது ஒன்றுமில்லை. ஓய்வு நேரம், ஃபுளோட் (தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச்) உயரம், பருவம் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஓட்டும்போது என் பழைய லேப்டாப் மூச்சு வாங்கியது. அதைவிட, எந்த நேரத்தில் மாற்றம் வரும் என்பது எனக்கே தெரிந்திருக்க, அதைச் சால்வர் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்து, ரிலேயின் ஞாபகம். மோட்டார் இப்போது ஓடுகிறதா, ஓய்வில் இருக்கிறதா என்பதை ஒரு குளோபல் மாறியில் வைத்து, வகைக்கெழு ஃபங்ஷனுக்குள்ளேயே "இறக்கம் 60ஐத் தாண்டினால் ஓய்வு" என்று எழுதலாம் என்று தோன்றும். வலையில் தேடினால் இப்படி எழுதப்பட்ட நிரல்கள் நிறையக் கிடைக்கும். இது வேலைக்கு ஆகாது. சால்வர் முன்னால் எட்டிப் பார்க்கும்போது ஒரு புள்ளியில் 60 தாண்டிவிடுகிறது, மாறி ஓய்வுக்கு மாறிவிடுகிறது. பிறகு அந்த ஸ்டெப் பிழை அதிகம் என்று தள்ளுபடியாகிறது. சால்வர் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடும். நம் மாறி திரும்பாது. மோட்டார் 52 மீட்டரிலேயே நின்றுவிட்டதாக வரைபடம் காட்டியது இதனால்தான். டாலரன்ஸை (சால்வர் அனுமதிக்கும் பிழை அளவை) மாற்றினால் அது வேறொரு ஆழத்தில் நின்றது. ஃபங்ஷன் நேர வரிசையில் அழைக்கப்படுவதில்லை என்பதை மனதில் இருத்திக்கொண்டால் அதற்குள் எதையும் சேமிக்கத் தோன்றாது.

கடைசியில் நிலைத்த வடிவம் இது. வெளியே ஒரு லூப். அதில் மோட்டாரின் நிலை (ஓட்டம், ஓய்வு, தொட்டி நிறைந்து காத்திருப்பு, டைமர் அணைப்பு), வால்வு நிலை, இப்போதைய நேரம் ஆகியவை இருக்கும். முன்கூட்டியே தெரிந்த நேரங்கள் எல்லாம் ஒரு பட்டியலில்: 8 மணி, 2 மணி, 4 மணி. சால்வரை எப்போதும் அடுத்த தெரிந்த நேரம் வரைக்கும்தான் ஓட்டுவேன். அங்கே நிறுத்தி, நிலையை மாற்றி, புதிதாகத் தொடங்குவேன். மோட்டார் வறண்டு நின்றால் நின்ற நேரத்தோடு ஓய்வு நேரத்தை (30 நிமிட ஓய்வைச் சோதித்தால் 30) கூட்டிப் பட்டியலில் புதுப் புள்ளியாகச் சேர்த்துவிடுவேன். தெரியாத நேரங்களை, அதாவது தொட்டி நிறைவது, வடிவது, போர் வறள்வதை மட்டும் ஈவென்ட் ஃபங்ஷனாக (அந்தக் கணத்தில் பூஜ்யமாகும் ஃபங்ஷனாக) கொடுத்து, டெர்மினல் என்று, அதாவது அங்கே சால்வர் நிற்க வேண்டும் என்று குறித்துவிடுவேன். ஜூலியா மொழியின் சால்வர்களில் டிஸ்டாப்ஸ் என்று தெரிந்த நேரங்களைக் கொடுக்கும் வசதி உள்ளது. நான் கையால் எழுதியது அதைத்தான்.

சால்வ்_ஐவிபி ஈவென்ட்டைப் பிடிக்கும் விதம் எளிது. ஒவ்வொரு ஸ்டெப் முடிவிலும் ஈவென்ட் ஃபங்ஷனின் குறி மாறியதா என்று பார்க்கும். மாறியிருந்தால், அந்த ஸ்டெப்புக்குள் வளைவை இடைச்செருகி, பிரென்ட் முறையில் பூஜ்யத்தைத் தேடும். ஒரே ஸ்டெப்பில் மேலே போய்க் கீழே வந்துவிட்டால் இரண்டு முனையிலும் குறி ஒன்றுதான், எனவே தெரியாது. நிலைவாரியாகத் துண்டு போட்ட பிறகு எனக்கு இந்தக் கவலை போய்விட்டது. ஒரு துண்டுக்குள் மோட்டாரும் வால்வும் மாறாது. தொட்டி மட்டத்தின் வேகம் அந்த மட்டத்தை மட்டுமே பொறுத்தது. அப்படியானால் அது ஒரே திசையில்தான் போகும், ஏறி இறங்க வழியில்லை. இறக்கமும் அப்படியே. ஃபங்ஷன் அழைப்புகளும் நாளுக்கு ஆயிரத்துக்குள் அடங்கின.

டைரக்‌ஷன் குறிப்பு கட்டாயம் தேவை. தொட்டி நிறைந்ததும் நின்று, அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்போது ஈவென்ட் ஃபங்ஷனின் மதிப்பு பூஜ்யம், அல்லது பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. திசை சொல்லாவிட்டால் அதே ஈவென்ட் அதே நேரத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும், லூப் நகராது. நிறைவதற்கு ஏறும் திசை, வடிவதற்கு இறங்கும் திசை என்று கொடுத்ததும் நகர்ந்தது. ஒரு மூலை மட்டும் பாக்கி: வடிந்த பிறகு வால்வை மூடி, மோட்டாரும் நின்றிருந்தால் மட்டம் சரியாக 2 செ.மீ.யில் அசையாமல் நிற்கும். தொடக்கமும் முடிவும் பூஜ்யம் என்றால் சைபை அதை ஏறுவதாகவும் எடுத்துக்கொள்ளும், இறங்குவதாகவும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் அதற்குத் தேவையான ஈவென்ட்களை மட்டும் கொடுத்தேன். வால்வு மூடியிருந்தால் வடியும் ஈவென்ட் பட்டியலிலேயே இருக்காது.

வடியும் கணக்கில் வர்க்கமூலம் வருகிறது. முதலில் ஈவென்ட்டை மட்டம் பூஜ்யம் ஆகும் இடத்தில் வைத்திருந்தேன். சால்வர் அங்கே போய் மாட்டிக்கொண்டு, தேவையான ஸ்டெப் எண்களுக்கிடையிலான இடைவெளியைவிடச் சின்னதாகிவிட்டது என்ற செய்தியோடு நின்றது. ஈவென்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சால்வர் முதலில் அதைத் தாண்டி ஒரு ஸ்டெப் வைத்தாக வேண்டும். தாண்டினால் மட்டம் எதிர்மறை, வர்க்கமூலம் எண்ணே அல்லாத மதிப்பாகிறது (NaN), ஸ்டெப் தள்ளுபடி, ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கம், மறுபடி அதே கதை. தாண்டவே முடியாத கோட்டைத் தாண்டியதாக அது எப்படிச் சொல்லும்? வர்க்கமூலத்துக்குள் மட்டத்தையும் பூஜ்யத்தையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுக்கும்படி எழுதி, ஈவென்ட்டையும் 2 செ.மீ.க்கு உயர்த்தினேன். அந்த மட்டத்துக்குக் கீழே காற்று இழுக்கத் தொடங்கிவிடும், ஆகவே நிஜத்துக்கும் அதுதான் பொருத்தம். 195.7 நிமிடம் சுவரில் இருந்தபடியே வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் 12:10க்கு வந்தது. ஃபுளோட் 1.5 மீட்டரில், ஓய்வு 30 நிமிடம் என்று வைத்து ஓட்டினால், மோட்டார் ஐந்தாவது ஓட்டத்தில் பகல் 12:10க்கு வறண்டு நின்று, 12:40க்கு மறுபடி ஸ்டார்ட் ஆகி, கண் இமைக்கும் நேரத்தில் தொட்டி நிறைந்து நின்றது. டாலரன்ஸை இறுக்கினால் இந்தக் கடைசி ஸ்டார்ட் மறைந்துவிட்டது. கையால் போட்டுப் பார்த்தேன். முதல் ஓட்டம் 29.64 நிமிடம், அடுத்த நான்கும் தலா 25.28, மொத்தம் 130.78 நிமிடம். தொட்டி நிறையத் தேவையான ஓட்டம் 130.77. ஒரு நொடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் இரண்டு ஈவென்ட்கள்! சைபையின் வழக்கமான சார்பு டாலரன்ஸ் ஆயிரத்தில் ஒன்று. 60 மீட்டரில் அது 6 செ.மீ., அந்த இடத்தில் இறக்கத்தின் வேகத்துக்கு ஏறத்தாழ 4 நொடி. எது முந்தியது என்று அந்த டாலரன்ஸில் சொல்லவே முடியாது. கோடியில் ஒன்றாக இறுக்கியபோது தொட்டி முந்தியது.

ஆனால் நிஜ ஃபுளோட் ஒரு செ.மீ. முன்னே பின்னே விழும், அந்த ஒரு செ.மீ.க்கே மோட்டார் 53 நொடி ஓட வேண்டும். டாலரன்ஸை இறுக்கிக் கிடைத்த விடை கணக்குக்குச் சரி, தோப்புக்குப் பயனில்லை. ஃபுளோட் ஒயரை 5 செ.மீ. இறக்கி 1.45இல் கட்டினேன். இப்போது தொட்டி நான்கு நிமிடத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது, அந்தத் தேவையற்ற ஸ்டார்ட்டுக்கு இடமே இல்லை.

இதே வகையில் இன்னொன்று, தை மாதக் கணக்கில். அப்போது போர் இரட்டிப்பாக ஊறும், 60 மீட்டர் இறங்காது, வால்வைத் திறந்தபடியே மோட்டாரும் ஓடலாம். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் மட்டம் 1.045 மீட்டர். சோதனைக்கு ஃபுளோட்டை 1.04இல் வைத்தேன். அங்கே மட்டம் நிமிடத்துக்கு 0.025 மி.மீ.தான் ஏறுகிறது. மட்டத்தில் 1 மி.மீ. பிழை வந்தால் நிறையும் நேரத்தில் 40 நிமிடப் பிழை. வழக்கமான டாலரன்ஸ் அங்கே அனுமதிப்பதும் ஏறத்தாழ அந்த 1 மி.மீ.தான். ஈவென்ட்டை எவ்வளவு நுணுக்கமாகத் தேடினாலும் வளைவே அவ்வளவு தட்டையாக இருந்தால் நேரம் நிலைக்காது. 0.95இல் வைத்தால் அதே 1 மி.மீ.க்கு இரண்டு நிமிடப் பிழைதான் வருகிறது. இப்போது ஒவ்வொரு ஈவென்ட்டோடும் அந்தக் கணத்தில் மட்டம் மாறும் வேகத்தையும் அச்சடிக்க வைத்திருக்கிறேன். வேகம் குறைவாக இருந்தால் அந்த நேரத்தை நம்பாதே என்று அர்த்தம்.

மாமாவுக்குத் தேவையான விடை இதுதான். 5 நிமிட ஓய்வில் மணிக்கு 3.9 ஸ்டார்ட், 3,240 லிட்டர். 15 நிமிடத்தில் 1.7 ஸ்டார்ட், 2,725 லிட்டர். 30 நிமிடத்தில் 1.1 ஸ்டார்ட், 2,195 லிட்டர். ஒரு மணி நேர ஓய்வு கொடுத்தால் 0.7 ஸ்டார்ட்தான், ஆனால் தண்ணீர் 1,550 லிட்டருக்கு விழுந்துவிடும். தோப்புக்கு நாளைக்கு ஒரு தொட்டி போதும். 5 நிமிட ஓய்வில் அதை நிரப்ப மூன்று மணி நேரமும் 11 ஸ்டார்ட்டும் ஆகின்றன. 30 நிமிடத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், 5 ஸ்டார்ட். "ஒரு மணி நேரம் சேத்தி ஆனா ஆகட்டும், டைமர்தான ஓட்டுது" என்றார் மாமா. ரிலேயை 30இல் திருப்பி வைத்தோம்.

செலவு: ஒயர் 1,380 ரூபாய், ஓய்வு நேரத்தை மாற்றக்கூடிய ரிலே 1,150, புது ஃபுளோட் சுவிட்ச் 460. மல்டிமீட்டர் வீட்டில் இருந்தது. பைத்தானும் சைபையும் இலவசம்.

களத்தில் முதல் ஓட்டம் 31 நிமிடம், பின்வந்தவை 24 நிமிடத்தை ஒட்டியே நின்றன. கணக்கு 25.28 என்கிறது. முதல் ஓட்டம் கூடுவதற்கும் மற்றவை குறைவதற்கும், போரின் ஊற்று இறக்கத்துக்கு நேர் விகிதத்தில் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். வெவ்வேறு ஆழத்தில் வெவ்வேறு வெடிப்புகள் வழியாகத்தானே தண்ணீர் வருகிறது. அடுத்த முறை, நின்ற பிறகு மட்டம் ஏறும் அளவைச் சித்திரை மாதத்திலும் ஒருமுறை எடுத்து, ஊற்றை ஆழத்துக்குத் தக்கபடி இரண்டு துண்டாக எழுதப் போகிறேன். அந்தத் துண்டு சேரும் ஆழத்திலும் ஒரு ஈவென்ட் வைத்து அங்கே நிறுத்தித் தொடங்குவேன்.

மோட்டார் தள்ளும் அளவையும் மாற்ற வேண்டும். தண்ணீர் ஆழத்துக்குப் போகப் போக நிமிடத்துக்கு 80 லிட்டர் அப்படியே நிற்காது, குறையும். அதை எழுதிவிட்டால் தொட்டியின் வேகம் இறக்கத்தையும் பொறுத்ததாகிவிடும். வால்வு திறந்திருக்கும்போது மட்டம் ஒரே துண்டுக்குள் ஏறி, ஃபுளோட்டைத் தொட்டு, இறங்கவும் கூடும். நான் மேலே சொன்ன ஒரே திசை நியாயம் அங்கே செல்லாது. அதற்கு, மட்டத்தின் வேகம் பூஜ்யமாகும் இடத்தையே இன்னொரு ஈவென்ட்டாகக் கொடுத்து, உச்சியில் துண்டு போட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஃபுளோட்டைத் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். அந்த ஃபங்ஷனை எழுதி வைத்துவிட்டேன். ஆழத்துக்கு எத்தனை லிட்டர் என்று பம்பின் பெட்டியோடு வந்த அட்டையில் அட்டவணை இருக்கிறது. டிரம்மை வைத்து அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாக்கி.